பூச்சியத்தில் கிடந்த முள்

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதக் கடைசியில், கோமாரிக்கு மேற்கே என் மனைவியின் வயலில் அறுவடை நடந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம், அவளைக் கண்ணாடி விரியன் கடித்தது. அப்போது மணி மூன்று. பெரிய ஆஸ்பத்திரி முப்பத்தைந்து மைல் தள்ளிக் கல்முனையில் இருந்தது. எங்களிடம் இருந்தது ஒரே ஒரு வாகனம், அதுவும் என்னுடையதல்ல.

என் பெயர் மீராசா. கல்முனையில் கார் திருத்துகிறவன். என் மனைவி முனவ்வறாவுக்குச் சீதனமாக வந்த வீட்டு வளவில்தான் என் கராஜ் இருக்கிறது. கராஜுக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி மட்டும்தான். நான் எஞ்சினை முடுக்கினால் அவளுக்கு உலை கொதிக்கிற சத்தம் கேட்காது. பதினொரு வருடம் அப்படியே குடும்பம் நடத்தினோம். என்னைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. கைராசிக்காரன் என்பது ஒன்று, வாய் பொல்லாதவன் என்பது மற்றது. இரண்டையும் நான் மறுத்ததில்லை.

அந்த வாகனம் அறுகம்பேயில் விடுதி நடத்திய ஹஸன் ஹாஜியாருடையது. தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன பழைய ஸ்போர்ட்ஸ் கார். ஆட்கள் இருக்க இரண்டே இடம், மேலே கூரையில்லை. முன்விளக்குகள் இரண்டும் மேலே துருத்திக்கொண்டு நின்றதால் எங்கள் தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். பின்பக்கத்தில் சாமான் வைக்க இடமிருந்தாலும் அதற்கு வெளியே மூடி கிடையாது. எதை வைப்பதானாலும் எடுப்பதானாலும் இருக்கைக்குப் பின்னால் கையை நுழைக்க வேண்டும்.

ஒயில் பிரஷர் காட்டும் முள் சரியில்லை என்றுதான் ஹாஜியார் அதை என்னிடம் விட்டிருந்தார். அந்தக் காரில் அந்த முள் மின்சாரத்தில் ஆடுவதல்ல. எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய செப்புக் குழாய் வழியாக எண்ணெயே வந்து முள்ளைத் தள்ளும். குழாய் எஞ்சினோடு சேருகிற இடத்தில், நடுவில் துளையுள்ள ஒரு தோல் வோஷர் இருக்கும். சட்டைப் பொத்தான் அளவுதான். அது இற்றுப்போய் எண்ணெய் கசிந்தது. கொழும்பிலிருந்து எடுப்பிக்க ஒரு மாதமாகும் என்றார்கள். ஒரு மாதம் காத்திருந்தால் என் கைராசி என்னாவது? நானே ஒன்று வெட்டிப் போட்டேன்.

வெட்டியது, போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாங்கள் குர்பான் கொடுத்த கிடாயின் தோலில். தோலை மதரசாவுக்குக் கொடுத்துவிட்டு, ஒரு கையகலத் துண்டை மட்டும் வெயிலில் காயவைத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். குர்பான் தோல் என்றால் அல்லாஹ்வின் பறக்கத்து இருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த முனவ்வறா, அது பதனிடாத பச்சைத் தோல், சூடு பட்டால் சட்டிக்குள் ஆட்டுத் தலைத்தோல் சுருளுகிற மாதிரிச் சுருண்டுவிடும் என்றாள்.

“நீ ஒண்ட சட்டியப் பாரு புள்ள, நான் எண்ட எஞ்சினப் பாக்கன்” என்றேன்.

அவள் உலையடிக்குப் போய்விட்டாள். முள் அறுபதில் ஏறி அழகாக நின்றது. வோஷருக்கும் சேர்த்துத்தான் கூலி வாங்கினேன். குர்பான் தோலை விற்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பொத்தான் அளவு தோலை யார் கணக்கில் எடுக்கப் போகிறார்கள் என்று அப்போது நினைத்தேன்.

காரை ஹாஜியாரிடம் ஒப்படைக்கப் போகும்போது வயலைப் பார்க்க முனவ்வறாவும் வந்தாள். அவளைக் கோமாரியில் இறக்கிவிட்டு, நான் அறுகம்பே போய்க் காரைக் கொடுத்துவிட்டு, இருவரும் பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. வழியில் முள் அறுபதிலிருந்து ஐம்பதுக்கு இறங்கியிருந்ததைக் கண்டேன். வெயிலுக்கு எண்ணெய் இளகிவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

களவெட்டியில் நெற்கதிரைப் பரப்பிச் சூடு மிதிக்கும் இடத்துக்குள் பெண்கள் கால் வைப்பதில்லை. அதனால் முனவ்வறா வரம்போரம் வைக்கோல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுதான் எங்கள் வயற்காரர் சின்னப்போடியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் மர நிழலில் நின்று காருக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். அவள் “உம்மா” என்று ஒரே ஒரு தடவை சொன்னது கேட்டது. நான் ஓடிப் போகுமுன் சின்னப்போடி கம்பால் நாலு அடி போட்டுவிட்டார். பாம்பு ஒரு முழ நீளம், தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி போட்ட மாதிரி வட்டங்கள். அவளுடைய கணுக்காலுக்கு மேலே இரண்டு இரத்தத் துளிகள். அவளைத் தூக்கிக்கொண்டு காருக்கு ஓடினேன்.

டாக்டருக்குக் காட்டினால்தான் சரியான மருந்து ஏற்றுவார்கள் என்று சின்னப்போடி பாம்பை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, காரின் இருக்கைக்குப் பின்னால் தள்ளினார். கூட வருவதற்கு அவருக்கு இடமில்லை.

“தலைய நசுக்கித்தான் போட்டிருக்கன் பாஸ். எண்டாலும் சாக்க அவுத்துப்போடாதீங்க” என்றார்.

கோமாரியில் ஒரு சிறிய டிஸ்பென்சரி இருந்தது. அங்கு மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி அவளுடைய காலைப் பார்த்தார், சாக்கைத் தொட்டும் பார்க்கவில்லை. இதற்கான மருந்து கல்முனையில்தான், ஒரு நிமிஷமும் நிற்காமல் போங்கள் என்று சொல்லி, ஒரு துண்டில் மூன்றரை என்று நேரத்தை எழுதி என் சட்டைப் பையில் வைத்தார். நேரம்தான் இதில் எல்லாம் என்றார்.

தவளையை நான் அப்படி ஓட்டியதில்லை. சங்கமன்கண்டிப் பக்கம் இரண்டு கரையும் காடு. ஒரு சைக்கிளும் இல்லை, ஒரு மாட்டு வண்டியும் இல்லை. நடு ரோட்டில் யானை லத்தி ஆவி பறக்கக் கிடந்தது. முனவ்வறா முக்காட்டை இழுத்துப் பல்லால் கடித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய பெருவிரல் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனது. நபியின் மேல் ஸலவாத்தை எண்ணி எண்ணி ஓதுகிறாள் என்று விளங்கியது.

கோமாரியிலிருந்து ஐந்து மைல் வந்திருப்போம். முள் நாற்பதில் நின்றது. ஒரு வளைவு திரும்பினேன், முப்பது. அடுத்த வளைவில் பதினைந்து. பிறகு அது மெல்லப் படுத்து, பூச்சியத்தில் போய்க் கிடந்தது.

நான் எஞ்சினை நிற்பாட்டினேன்.

ஏன் நிற்பாட்டினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். சாய்ந்தமருதில் ஒரு லொறிக்காரன், முள் பூச்சியத்தில் நிற்கிறது, முள்தான் பழுது என்று நினைத்து நாலு மைல் ஓடி வந்தவன். எண்ணெய் ஏறாத எஞ்சின் உள்ளே உருகி, ஒன்றோடொன்று பற்றி, என் கராஜ் வாசலிலேயே பாறை மாதிரி இறுகிப்போனது. அதைக் கழற்றியவன் நான். அன்றிலிருந்து கராஜுக்கு வருகிற எல்லாரிடமும் ஒரே பாட்டு, மனிசன் பொய் சொல்லுவான், முள் பொய் சொல்லாது, முள் விழுந்தால் அந்த இடத்திலேயே நில் என்று. ஊர் முழுக்க அதைச் சொல்லியே எனக்குப் பெயர் வந்தது. இப்போது முள் விழுந்துவிட்டது. நின்றால் முனவ்வறா போய்விடுவாள். ஓடினால் எஞ்சின் காட்டுக்கு நடுவில் இறுகி, அதோடு முனவ்வறாவும் போய்விடுவாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அவ்வளவு பயத்தை அதற்கு முன்னால் நான் அறிந்ததில்லை.

இறங்கி முன்பக்கத்தைத் தூக்கினேன். அந்தக் காரில் மூக்கு முழுவதும் ஒரே மூடியாக மேலே எழும்பும். எண்ணெய் பார்க்கும் கம்பியை இழுத்தேன். எண்ணெய் நிறைய இருந்தது. அடியில் குனிந்து பார்த்தேன். ஒழுக்கில்லை. அப்படியானால் பம்ப். பம்ப் போய்விட்டதென்றால் அந்த ரோட்டில் வைத்து நான் செய்யக்கூடியது ஒன்றுமேயில்லை. ஒருவேளை எஞ்சின் கொதித்து எண்ணெய் தண்ணியாகிவிட்டதோ, ஆறவிட்டால் முள் எழும்புமோ என்று ஒரு நப்பாசை. ஆறவிட்டேன். ஒரு மனைவி பாம்பு கடித்துக் காரில் கிடக்கிறாள், அவளுடைய புருஷன் எஞ்சின் ஆறும்வரை பார்த்துக்கொண்டு நிற்கிறான். இன்றைக்கும் அதை நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கும்.

முனவ்வறா பெருவிரலால் எண்ணுவதை விடாமலே துப்பினாள். எச்சிலில் இரத்தம் இருந்தது. பல்முரசிலிருந்து கசிகிறது. இமைகள் பாதி இறங்கிவிட்டன. தூக்கமா என்று கேட்டேன். தூக்கமில்லை, தூக்க முடியவில்லை என்றாள்.

காட்டுக்குள் ஏதோ கிளை முறிந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. பார்த்தால் இன்னொரு பயத்துக்கு இடம் வேண்டும். என்னிடம் இடமில்லை.

கால் மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்டு முடுக்கிப் பார்த்தேன். முள் அசையவில்லை. உடனே நிற்பாட்டிவிட்டு ஸ்டியரிங்கில் தலையை வைத்தேன். அல்லாஹ்வே, விற்கக் கூடாத தோலை விற்றதற்கா இது என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. கேட்ட பிறகுதான், அந்தத் தோல் இந்தக் காருக்குள்ளேதான் இருக்கிறது என்பது உறைத்தது. உறைத்தும் என் புத்தி அதற்கு மேலே போக மறுத்தது. தண்டனை என்று எண்ணிக் கலங்கினேனே தவிர, தொழில்காரனாக எண்ணவில்லை.

எண்ணியவள் அவள்தான்.

“மச்சான், சத்தம் மாறல்ல” என்றாள். வாயில் எச்சில் சேர்ந்து சொல் குழறியது. “லொறிக்காரண்ட எஞ்சின் உங்கட கராஜ் வாசல்ல சாகக்குள்ள நான் கேட்டிருக்கன். இது அந்தச் சத்தமில்ல. அந்தத் தோலப் பாருங்க.”

எனக்கு வந்தது கோபம். ஆமாம், அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது.

“வாயப் பொத்திக்கொண்டு இரி புள்ள” என்று கத்தினேன். “ஒனக்கு எஞ்சினப் பத்தி என்ன தெரியும்?”

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு காட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி என்னைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கியது. கோபத்தில் கத்தியது அவள் கேட்கிற கடைசிச் சொல்லாகிவிடுமோ என்று நினைத்த நேரத்தில் என் கோபமெல்லாம் கரைந்து போனது. அவள் சொன்னதைச் செய்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

செய்ய வேண்டியது சின்ன வேலை. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, குழாய் சேருகிற நட்டை இளக்க வேண்டும். எண்ணெய் பீறிட்டால் பிரஷர் இருக்கிறது. கசியாமல் சும்மா கிடந்தால் எல்லாம் முடிந்தது. ஆனால் ஸ்பானர் பை இருக்கைக்குப் பின்னால் இருந்தது, சாக்குக்கும் அப்பால்.

கையை நுழைத்தேன். சாக்கு முழங்கையில் பட்டது. உள்ளே அது புரண்டது. தலை நசுங்கிய பாம்பும் வெகு நேரம் நெளியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கையை வெடுக்கென்று இழுத்து, நடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். முனவ்வறா ஒரு விரலால் தன் ஒரு இமையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் எழும்பி, கலிமாவைச் சொல்லிக்கொண்டு, மறுபடி கையை நுழைத்து, அந்த நெளிவுக்கு மேலாகவே பையை இழுத்து எடுத்தேன்.

எஞ்சினை முடுக்கினேன். நட்டை அரைச் சுற்றுத் திருப்பினேன், ஒன்றுமில்லை. இன்னும் ஒரு சுற்று. அப்போது எண்ணெய் சீறிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைச் சுட்டது. கையை எடுக்கவில்லை. சுடட்டும் என்று விட்டேன். என் ஆயுசில் அதைவிட நல்ல சூடு எனக்குப் பட்டதில்லை. பம்ப் உயிரோடு இருந்தது. எண்ணெய் ஓடிக்கொண்டிருந்தது. கெட்டது என் தோல் வோஷர் மட்டும்தான்.

எஞ்சினை நிற்பாட்டிக் கழற்றிப் பார்த்தேன். எஞ்சினின் சூட்டில் வெந்து, தடித்துச் சுருண்டு, நடுத்துளை முழுதாக மூடிப்போயிருந்தது. சட்டிக்குள் ஆட்டுத் தலைத்தோல் சுருளுகிற மாதிரியேதான். எண்ணெய் முள்வரை போக வழியில்லாமல் நின்றிருக்கிறது. புதிதாக ஒன்று வெட்ட என் செருப்பில் நல்ல தோல் இருந்தது. வெட்டி எடுக்க நேரமில்லை. அதே வோஷரைத் திருப்பிப் போட்டு, எண்ணெய் ஒழுகாதபடி இறுக்கினேன். துளைதான் அடைபட்டிருந்ததே, அடைப்பாகவே இருக்கட்டும் என்று விட்டேன்.

பிறகு முப்பது மைல், பூச்சியத்தில் கிடக்கும் முள்ளோடு ஓட்டினேன். முள் பொய் சொல்கிறது என்று எனக்குத் தெரியும். என் கண்ணால் கண்டிருக்கிறேன், என் கை சுட்டிருக்கிறது. ஆனாலும் ஊர் முழுக்க நான் சொல்லித் திரிந்த பேச்சு என் காதுக்குள்ளேயே கத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கல்லின் சத்தமும் எஞ்சின் இறுகுகிற சத்தமாகக் கேட்டது. திருக்கோவிலுக்கு முன்னால் ஒரு பாலத்தில் ஏறியபோது ‘டக்’ என்று ஒன்று கேட்டது. என் கால் தானாகவே பெடலிலிருந்து எழும்பியது.

“சத்தம் சரி மச்சான், ஓட்டுங்க” என்றாள் முனவ்வறா, கண்ணை மூடியபடியே.

அதற்குப் பிறகு நான் முள்ளைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளிடம் கேட்டுக்கொண்டே போனேன். சரியா என்பேன். சரி என்பாள். தம்பிலுவிலில் சரி என்றாள். அக்கரைப்பற்றுச் சந்தியில், சனங்கள் விலகி வழிவிட்டபோது, சரி என்றாள். அட்டாளைச்சேனை தாண்டிக் கேட்டேன். பதிலில்லை. மறுபடி கேட்டேன். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. பெருவிரல் கணுக்களில் நகரவில்லை. வாய்க்கடையில் இரத்தம் நூலாக இறங்கியது. நான் அவளுடைய பெயரைச் சொல்லிச் சொல்லி, சில நேரம் என் வாப்பாவின் பெயரையும் சொல்லி, குழந்தை மாதிரி அழுதுகொண்டு ஓட்டினேன். நிந்தவூரில் பின்னேரத் தொழுகை முடித்து வந்தவர்கள் ரோட்டோரம் நின்று பார்த்தார்கள். மீராசா அழுவதை அவர்கள் அன்றுதான் கண்டார்கள்.

காரைதீவு கடந்து, “சரி” என்று ஒரு மூச்சு கேட்டது. நான் கேட்டு வெகு நேரமாகியிருந்தது. அவளுக்கு அந்தப் பதில் வந்து சேர அவ்வளவு நேரம்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஒருவர் சாக்கைக் கொண்டு வந்தார். டாக்டர் பாம்பைப் பார்த்தார், அவளுடைய இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து நிறுத்திவைத்தார், அது உறைகிறதா என்று பார்க்க. மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு என் சட்டைப் பையிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கினார். வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கோமாரியில மூன்றரை எண்டு போட்டிருக்கு. இப்ப ஐந்து மணி. கார் இருந்துதே, ஏன் இவ்வளவு சுணக்கம்?”

என் வாய் திறந்தது. என் கையெல்லாம் எண்ணெய். மணிக்கட்டில் கொப்பளம். ஊருக்கெல்லாம் புத்தி சொன்ன மீராசா, தன் கையால் வெட்டிப் போட்ட தோலுக்குப் பயந்து, தன் பொஞ்சாதியைக் காட்டில் வைத்துக்கொண்டு எஞ்சின் ஆறட்டும் என்று நின்றான். சொல்லத்தான் நினைத்தேன்.

கட்டிலிலிருந்து முனவ்வறா சொன்னாள், “ரோட்டில யானை நிண்டிச்சி டொக்டர்.”

டாக்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். அந்த ரோட்டில் அது நடக்கக்கூடியதுதான். தாளில் ஏதோ எழுதினார். முனவ்வறா விரலால் இமையைத் தூக்கி, நான் நிற்கிறேனா என்று பார்த்துவிட்டு விட்டாள்.

இருபத்துமூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். முதல் நாலு நாளும் பிழைப்பாளா என்று ஒருவரும் சொல்லவில்லை. ஹாஜியாரின் காருக்கு என் செருப்புத் தோலில் வோஷர் வெட்டிப் போட்டு, நடந்ததை அவரிடம் மட்டும் சொல்லி, வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். வேறு யாரிடமும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் வீடு வந்ததும் ஊர் வந்தது. எல்லாருக்கும் யானைக் கதைதான் வேண்டும். கொம்பனா, கொம்பில்லாத அலியனா, குட்டி இருந்ததா என்று கேட்டார்கள். நானும் ஒரு யானையை உண்டாக்கினேன். காது கிழிந்த ஒற்றை யானை, நடு ரோட்டில், எங்களையே பார்த்துக்கொண்டு. சொல்லச் சொல்ல எனக்கு உண்மையாகவே உடம்பு நடுங்கியது, கேட்டவர்கள் அதை யானைப் பயம் என்று எடுத்துக்கொண்டார்கள். ஒரு நாள் பக்கத்து வீட்டு ஸகியா, அது எவ்வளவு நேரம்தான் நின்றது என்று கேட்டாள். நான் அதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கவில்லை. பத்து நிமிஷம் இருக்கும் என்று இழுத்தேன்.

வேலிக்கு அந்தப் பக்கம், உலையடியில் குந்தியிருந்த முனவ்வறா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

“ஐந்நூறு ஸலவாத்து ஓதி முடியிற வரைக்கும் நிண்டிச்சி.”